ராத்திரி சாப்பாட்டை மட்டும் வீட்டுக்கு மாத்துங்க: ஒரு ஆடிட்டர் போட்ட கணக்கு

டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்தின வீடியோவில், "எனக்கு பிரீமியம் கொஞ்சம் ஏத்திப் போட்டாங்க, அந்தக் கதையை அப்புறம் சொல்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டேன். அந்தக் கதைதான் இது. கடைசியில் ஒரு குக்கரில் வந்து முடியும். படிச்சுப் பாருங்க.

எனக்கு அப்போ 31 வயசு. ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி கேட்டிருந்தேன். ஆன்லைனில் காட்டின பிரீமியம் வருஷத்துக்கு 13,200 ரூபாய். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. பத்து நாள் கழிச்சு மெயில் வந்தது: பிரீமியம் 16,500 ரூபாய், சம்மதமா? காரணம், எச்பிஏ1சி 6.1. அதாவது கடந்த ரெண்டு மூணு மாசத்துச் சர்க்கரையின் சராசரி அளவு. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம்னு கணக்கு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதையும் படிவத்தில் எழுதியிருந்தேன். என் எடையும் கூடுதல்.

வருஷத்துக்கு 3,300 ரூபாய் அதிகம். 60 வயசு வரைக்கும் 29 வருஷம் கட்டணும். பெருக்கிப் பார்த்தா 95,700 ரூபாய். ஊருக்கெல்லாம் வரி மிச்சம் பண்ணிக் கொடுக்கிற நான், தினம் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்ட பரோட்டாவுக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரி கட்டப் போறேன்! பாலிசியை எடுத்துட்டேன், அது தேவை. (உடம்பு விஷயத்தை மறைச்சு மட்டும் பாலிசி எடுக்காதீங்க. நாளைக்கு உங்க குடும்பம் க்ளெய்ம் கேட்டு நிக்கும்போது அதுவே தகராறாகும்.) ஆனா அந்த மெயிலைப் படிச்ச ராத்திரிதான் முதல் முறையா என் சாப்பாட்டுச் செலவைத் திறந்து பார்த்தேன்.

சம்பளம் இல்லாதப்போ சமைச்சோம், சம்பளம் வந்ததும் விட்டுட்டோம்

நான் திண்டிவனத்துக்காரன். சென்னையில் ஆர்டிகிள்ஷிப் பண்ணின காலத்தில் குரோம்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். கையில் காசு கிடையாது. அதனாலேயே தினமும் சமைச்சோம். சாம்பார், ரசம், முட்டைத் தொக்கு எல்லாம் எனக்கு அப்போவே அத்துப்படி. பாஸ் பண்ணி, வேலைக்குப் போய், அப்புறம் விழுப்புரத்தில் ஆபீஸ் போட்டேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனா ரிட்டர்ன் சீசனில் ராத்திரி ஒன்பது, பத்து மணி ஆகும். அதனால் வார நாளில் விழுப்புரத்திலேயே ஒரு ரூம், சனிக்கிழமை பஸ் ஏறி வீடு. கையில் பணம் வந்ததும் முதலில் காணாம போனது குக்கர் சத்தம்தான்.

உங்கள்ல நிறைய பேருக்கும் இதே கதையா இருக்கும். சமைக்கத் தெரியாதுங்கிறது இல்லை, விட்டுப் போச்சு.

நாம மட்டும் இல்லை. மத்திய அரசு நடத்தின 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்க. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்தின உணவு எல்லாம் அதில் ஒரே தலைப்பு. ஓட்டல் சாப்பாடும் அதுக்குள்ளதான் வருது. பெரிய மாநிலங்களில் இந்தத் தலைப்புக்கு அதிக பங்கு செலவு பண்றது தமிழ்நாடு. நம்ம நகரங்களில் உணவுச் செலவில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு இதுக்கே போகுது.

முதல் வேலை: யுபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுங்க

ஒரு மாச ஸ்டேட்மென்ட் போதும். சாப்பாடு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வரியையும் நாலு தலைப்பில் பிரிங்க. என் கணக்கு இப்படி இருந்தது:

- காலை டிபன்: 22 நாள் × 50 = 1,100
- மதியம் மெஸ் சாப்பாடு: 22 நாள் × 80 = 1,760
- ராத்திரி ஆர்டர்: 19 நாள் × சராசரி 190 = 3,610
- டீ, பஜ்ஜி, ஜூஸ், நண்பர்களோட பிரியாணி: 2,950

மொத்தம் 9,420 ரூபாய். "மாசம் ஒரு அஞ்சாயிரம் ஆகும்"னு நினைச்சுட்டிருந்தேன். கணக்கு எழுதுறதே தொழிலா வச்சிருக்கிறவனோட மதிப்பீடு இது!

இதில் கவனிக்க வேண்டியது மூணாவது வரி. செலவும் அங்கேதான் அதிகம், உடம்பு கெட்டதும் அங்கேதான். மதியம் மெஸ்ஸில் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், ஒரு கூட்டு கிடைக்குது. ராத்திரி வர்ற பொட்டலத்தில் மைதாவும் எண்ணெயும் தவிர பெருசா எதுவும் இல்லை.

ஒரு ஆர்டரைப் பிரிச்சுப் பார்ப்போம்

கடையில் 120 ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு ஃப்ரைடு ரைஸ், ஆப்பில் 145 ரூபாய்னு வச்சுக்குவோம். கடைக்காரர் ஆப்புக்குக் கமிஷன் கொடுக்கணும், அதனால் பல கடைகளில் விலையை ஏத்தித்தான் போடுவாங்க. பேக்கிங் 10. இந்த 155-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி, 7.75. டெலிவரி 25, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 4.50. பிளாட்ஃபார்ம் கட்டணம் 12, அதுக்கும் 18 சதவீதம், 2.16. மொத்தம் 206 ரூபாய் சொச்சம். கூப்பன் போட்டா 190.

டெலிவரி கட்டணத்துக்கு வரியானு கேட்பீங்க. 2022 ஜனவரி 1-லிருந்து ஓட்டல் சாப்பாட்டு ஜிஎஸ்டியை ஆப் நிறுவனமே வசூலிச்சுக் கட்டுது. 2025 செப்டம்பர் 22-லிருந்து டெலிவரி சேவையும் அதே முறைக்குள் வந்துடுச்சு. அப்புறம், 5 சதவீதம் போடுற ஓட்டல், தான் வாங்குற பொருளுக்குக் கட்டின வரியைத் திரும்ப எடுத்துக்க முடியாது. அந்த வரியும் சாப்பாட்டு விலைக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு.

ஆக 120 ரூபாய் சாப்பாட்டுக்கு, அதை வாசல் வரைக்கும் கொண்டு வர 70 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். அவசரத்துக்கு ஒரு நாள் கொடுக்கலாம், தப்பில்லை. மாசத்தில் 19 நாள் கொடுத்தா அது அவசரம் இல்லை.

வீட்டுச் சாப்பாட்டின் அடக்க விலை

எவ்வளவு சாப்பிடணும்னு நானா முடிவு பண்ணலை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்கான தட்டு ஒண்ணு இருக்கு. அந்த அளவை எடுத்து, நான் வாங்குற விலையைப் போட்டேன். உங்க ஊர் விலையை நீங்க போட்டுக்குங்க.

- அரிசி, கேழ்வரகு போன்ற தானியம் 250 கிராம் (கிலோ 60): 15 ரூபாய்
- பருப்பு, பயறு அல்லது முட்டை 85 கிராம் (கிலோ 140): 12
- காய்கறி, கீரை 400 கிராம் (சராசரி கிலோ 50): 20
- பழம் 100 கிராம்: 6
- வேர்க்கடலை போன்ற கொட்டை வகை 35 கிராம்: 5
- எண்ணெய் 27 கிராம்: 6
- பால் 300 மில்லி: 12
- உப்பு, புளி, மிளகாய், மசாலா: 10
- கேஸ் அல்லது கரண்ட்: 10

கூட்டினா 96 ரூபாய். நூறுன்னே வச்சுக்குங்க. அதில் ராத்திரி சாப்பாட்டின் பங்கு 40 ரூபாய். ஆர்டர் பண்ணினா 190. ஒரு ராத்திரிக்கு 150 ரூபாய் வித்தியாசம்.

இந்தப் பட்டியலில் அரிசியைவிட காய்கறிதான் எடை அதிகம். நம்ம தட்டில் எப்பவும் தலைகீழா இருக்கும். செலவு குறையுறதைவிட இதுதான் எனக்கு உறைச்சது.

நான் தோத்த கதை

மெயில் வந்த வாரமே ஆவேசமா இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு வகைக் காய், ரெண்டு கட்டுக் கீரை, ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், கடையில் ஆஃபர் போட்டிருந்த ஏர் ஃப்ரையர் ஒண்ணு இஎம்ஐ-யில். மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்னு சபதம்.

திங்கள்கிழமை சமைச்சேன். செவ்வாய் ஒரு கிளையன்ட்டுக்கு நோட்டீஸ் வந்துடுச்சு, ராத்திரி பத்தரை மணி. புதன்கிழமை கீரை மஞ்சளாச்சு. வியாழக்கிழமை கத்திரிக்காயைத் தூக்கிக் குப்பையில் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு, ஃப்ரைடு ரைஸ் ஆர்டர் பண்ணினேன். அந்த வாரம் சமையல் செலவும் ஆச்சு, ஆர்டர் செலவும் ஆச்சு.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாகிட்ட புலம்பினேன். அம்மா அரிசியைக் களைஞ்சுக்கிட்டே கேட்டாங்க: "ஏன்டா தம்பி, நீ என்ன கல்யாண வீட்டுக்கா சமைக்கிற? ஒரு ஆளுக்கு ஒரு குழம்பு போதாதா? ராத்திரி என்ன பண்றதுன்னு ராத்திரி வந்து யோசிச்சா பசிதான் வரும், யோசனை வராது. காலையில பல்லு விளக்கும்போதே பயறை ஊறப் போட்டுட்டுப் போ."

நான் கிளையன்ட்டுக்குச் சொல்றதும் இதேதான். முதல் மாசமே சம்பளத்தில் பாதியை எஸ்ஐபி போடறவங்க மூணாவது மாசம் நிறுத்திடுவாங்க. ஆயிரம் ரூபாயில் ஆரம்பிச்சவங்கதான் பத்து வருஷம் நிக்கிறாங்க.

அதனால் ரெண்டாவது தடவை திட்டத்தைச் சின்னதாக்கினேன். திங்கள் முதல் வியாழன் வரை ராத்திரி மட்டும் வீட்டுச் சாப்பாடு. மதியம் மெஸ் அப்படியே தொடரும். 80 ரூபாய் மெஸ்ஸை விட்டுட்டுச் சமைச்சா நாளைக்கு 40 ரூபாய்தான் மிஞ்சும், அதுக்காகக் காலை ஆறு மணிக்குக் குழம்பு கொதிக்க வைக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை வெளியே சாப்பிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஏர் ஃப்ரையரை என் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன்.

முதலீடு எவ்வளவு, எப்போ திரும்பும்?

இண்டக்‌ஷன் அடுப்பு 2,200. அதில் வைக்கக்கூடிய மூணு லிட்டர் குக்கர் 1,500. ஒரு கடாய் 900. கத்தி, கரண்டி, தட்டு, டப்பா எல்லாம் சேர்த்து 900. மொத்தம் 5,500 ரூபாய். வேற எதுவும் முதல் மூணு மாசம் வாங்காதீங்க.

வாரம் நாலு ராத்திரின்னா மாசம் 17. 17 × 150 = 2,550. காய் அழுகுறது, பால் திரியுறது இதுக்கெல்லாம் 250 கழிங்க. நிகர மிச்சம் 2,300. மூணாவது மாசத்துக்குள்ளேயே போட்ட பணம் திரும்பிடும்.

கரண்ட் பயம் வேண்டாம். 1,200 வாட்டில் அரை மணி நேரம் ஓடினா 0.6 யூனிட். 17 நாளைக்குப் பத்து யூனிட் சொச்சம். வீட்டு ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினாலும் நூறு ரூபாய்க்குள்தான். தனி மீட்டர் இருந்தா இன்னும் நல்லது, வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கே. கேஸ்தான் வேணும்னா அஞ்சு கிலோ சிலிண்டர் கிடைக்குது. அதுக்கு முகவரிச் சான்று கேட்க மாட்டாங்க, அடையாள அட்டை போதும். வாடகை ரூமில் இருக்கிறவங்களுக்கு வசதி.

எங்கே வாங்கலாம்?

விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு ஊரிலும் உழவர் சந்தை இருக்கு. 1999 நவம்பரில் மதுரையில் ஆரம்பிச்ச திட்டம் இது. விவசாயிங்க இடைத்தரகர் இல்லாம நேரா விற்கிறாங்க, விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பாங்க, பேரம் பேசத் தெரியாதவங்களுக்கு நிம்மதி. காலையில் சீக்கிரம் போகணும். நான் ஞாயிறு காலையில் திண்டிவனத்தில் வாங்கி, அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் எடுத்துட்டு வந்துடுவேன்.

புரதத்துக்கு எங்க ஊர் மல்லாட்டை இருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு: வேர்க்கடலைதான். நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 அப்படின்னு கடலை ரகங்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிக்கிற எழுத்துகள். இங்கே இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் அவை. டப்பா டப்பாவா புரோட்டீன் பவுடர் வாங்கும் முன்னாடி ஒரு கைப்பிடி அவிச்ச மல்லாட்டையை நினைச்சுக்குங்க.

வரிப் பக்கம் ஒரு விஷயம். பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. சில்லறையா அளந்து கொடுக்கிற அரிசி, பருப்புக்கும் இல்லை. 2022 ஜூலை 18-லிருந்து 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி வித்தா 5 சதவீதம். அரிசிக் கடையில் 26 கிலோ மூட்டை ஏன் வந்ததுன்னு இப்போ புரியுதா? ஆனா ஒத்தை ஆள் வரியை மிச்சம் பண்றேன்னு 26 கிலோ வாங்கி வண்டு வைக்க வேண்டாம். மாசத்துக்கு மூணு கிலோ, சில்லறையா வாங்கினா போதும்.

என் நாலு ராத்திரிகள்

ஸ்டாக் கணக்கில் ஃபைஃபோன்னு சொல்வோம். முதலில் வந்தது முதலில் போகணும். சமையலில் அதைக் கொஞ்சம் மாத்திக்குங்க: முதலில் கெடுறது முதலில் போகணும்.

- திங்கள்: கீரைக் கூட்டு, சோறு. பாசிப்பருப்பும் கீரையும் ஒரே குக்கரில்.
- செவ்வாய்: வெண்டைக்காய் இல்லைன்னா கத்திரிக்காய் போட்டு ஒரு காரக்குழம்பு, அவிச்ச முட்டை ரெண்டு.
- புதன்: தக்காளி சாதம், மேலே வறுத்த மல்லாட்டை, பக்கத்தில் வெள்ளரிக்காய்.
- வியாழன்: காலையில் ஊறப் போட்ட கருப்புக் கொண்டைக்கடலை, பூசணிக்காய் சேர்த்துக் குழம்பு. பூசணி வாரக் கடைசி வரைக்கும் தாங்கும்.

எதுவும் அரை மணி நேரத்தைத் தாண்டாது. அரிசி ஒரு ஆளுக்கு 75 கிராம், சின்ன டம்ளரில் அரை டம்ளர். ஃபிரிட்ஜ் இல்லைன்னா சோத்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்காதீங்க, அன்னைக்குத் தேவையானதை மட்டும் வடிங்க. உப்பு ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம கையால் போட்டாதான் எவ்வளவு போடுறோம்னே தெரியும்.

லேட்டாகிற நாளுக்கு ஒரு அவசர வழி: டப்பாவில் வறுத்த ரவை, நாலு முட்டை எப்பவும் இருக்கட்டும். காய் போட்ட உப்புமா பதினஞ்சு நிமிஷம். ஆர்டர் வர்றதுக்கு அதைவிட நேரமாகும்.

மிச்சம் எங்கே போகும்?

இதைச் செய்யலைன்னா மேலே சொன்ன கணக்கு முழுக்க வீண். மிச்சமான 2,300 அக்கவுண்ட்டிலேயே கிடந்தா, அது வேற ஏதாவது ஆஃபரில் போயிடும். சம்பளம் வந்த மறுநாளே தானா நகர்ற மாதிரி போடுங்க. ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லாதவங்க முதலில் ஆர்டி. அது இருக்கிறவங்க எஸ்ஐபி. மாசம் 2,300 வீதம் பத்து வருஷம் போட்டா உங்க பணம் 2,76,000. வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ந்தா சுமார் 4,75,000 ஆகும். இது உத்தரவாதம் இல்லை, மார்க்கெட்டைப் பொறுத்தது.

எனக்கு ஒரு வருஷம் கழிச்சு எடுத்த டெஸ்ட்டில் எச்பிஏ1சி 5.8. சமையல் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ராத்திரி சாப்பாடு எட்டரை மணிக்கு வந்ததும், சாப்பிட்டு ஸ்டேஷன் ரோடு வரைக்கும் நடந்ததும் சேர்ந்துதான். நான் டாக்டர் இல்லை, உங்க அளவு கூடியிருந்தா டாக்டரைப் பாருங்க. பிரீமியம் மட்டும் இன்னைக்கும் 16,500தான், அது இறங்கலை. மாசா மாசம் அப்பாவுக்கு மாத்திரை வாங்கும்போது அந்த பில்லை நான்தான் கட்டுறேன். அதே மாதிரி ஒரு பில் என் பேரில் சில வருஷம் தள்ளிப் போனாலே எனக்கு லாபம்.

இந்த வாரம் உங்களுக்கு ரெண்டே வேலை. இன்னைக்கு ராத்திரி யுபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுத்து நாலு தலைப்பில் பிரிங்க. திங்கள்கிழமை காலையில் பல்லு விளக்கும்போது ஒரு கைப்பிடி பயறை ஊறப் போட்டுட்டு ஆபீஸுக்குப் போங்க. ராத்திரி வந்து குக்கரை வைக்கிறப்போ அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. எத்தனை விசில்னு அவங்களே சொல்லுவாங்க.